ஸ்பானிய வினைச்சொல்லும் ஒன்பது போத்தல் தண்ணீரும்

மாத்தளை,
1970 ஒக்டோபர் 27.

என் மனைவியின் ஒரே அண்ணனும், எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு இதுவரை ஒரு நல்லதும் செய்யாதவருமான அன்பு மச்சான் ஹெர்பர்ட் அவர்களுக்கு, ரபாயேல் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையாலும் மாதாவின் மன்றாட்டாலும் நானும் உங்கள் தங்கை டொறீனும் இங்கே சுகம் என்று எழுதித்தான் இதுவரை எல்லாக் கடிதங்களையும் தொடங்கியிருக்கிறேன். முப்பத்தொரு வருசம் எல்கடுவத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவன் முறை தவறக்கூடாது என்பதற்காக இதையும் அப்படியே தொடங்குகிறேன். ஆனால் சுகம் இல்லை. எனக்குச் சுகமில்லை, டொறீனுக்குச் சுகமில்லை, பக்கத்து வீட்டு ஸைனம்பு உம்மாவின் கோழிக்கும் சுகமில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள் மருதானையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிக் கயிறு கட்டி அனுப்பிய அந்த ஸ்பானிய மொழிப் புத்தகம். அங்கே உங்கள் வீட்டுக்காரி தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாயிருக்க மன்றாடுகிறோம். உங்களுக்காக இன்னும் மன்றாடத் தொடங்கவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்வேன், ஏனென்றால் எனக்கு இப்போது யாரிடமாவது முழுவதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஒரே மகள் மரிய கொறற்றி பதினெட்டு வயதில் ஸ்பெயினில் உள்ள கன்னியர் மடத்துக்குப் போய் இரண்டு வருசமாகிறது. வருகிற டிசம்பர் எட்டாம் திகதி அவள் கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு, அதாவது கடவுளுக்குச் சத்தியம், கொடுக்கிறாள். கொடுத்த கையோடு பொலிவியா என்கிற தேசத்துக்கு அனுப்புவார்களாம். அங்கே போனால் பத்து வருசத்துக்கு வீட்டுப் பக்கம் வர முடியாதாம். எனக்கு அறுபத்திரண்டு வயது, டொறீனுக்கு ரத்த அழுத்தம். போகட்டும், கடவுளுக்குக் கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்கிற ஆட்கள் நாங்கள் இல்லை. போவதற்கு முன்னால் ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று மட்டும் மடத்துத் தாயாருக்கு நல்ல ஆங்கிலத்தில் இரண்டு கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்குச் சூசையப்பர் படம் ஒன்று வந்தது. இரண்டாவதற்கு, கையில் ரொட்டி வைத்திருக்கிற வேறொரு புனிதர் படம் வந்தது. ஒரு வரி பதில் இல்லை. அப்போதுதான் நீங்கள் ஈஸ்டருக்கு வந்து, பன்றி இறைச்சிக் கறியை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "மச்சான், அவங்களுக்கு இங்கிலீசு தெரியாது. அவங்க பாஷையிலேயே எழுதி, பங்குச் சாமிகிட்ட ஒரு கையெழுத்தும் வாங்கி அனுப்புங்க. மனசு எளகிடும்." அந்தக் கறியோடு நீங்கள் வாயை மூடியிருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது.

புத்தகம் வந்தது. முன் அட்டை இல்லை, கடைசி முப்பது பக்கம் இல்லை. இருக்கிற பக்கங்களில் ஓர் ஆங்கிலேயர் ஹோட்டலில் இறங்கி வெந்நீர் கேட்கிறார், தொப்பியைத் தொலைக்கிறார், மறுபடியும் வெந்நீர் கேட்கிறார். மகளை ஒரு மாதத்துக்கு அனுப்பிவைக்கக் கேட்பது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. பன்னிரண்டு பாடம் வரைக்கும் எனக்குத் தலையில் ஒன்றும் ஏறவில்லை. பதின்மூன்றாம் பாடத்தில்தான் விடிந்தது. அது இறந்தகாலத்தில் ஒரு வகை. ஒரே தடவை நடந்து முடிந்ததற்கு அல்ல, முன்பெல்லாம் தினசரி நடந்துகொண்டிருந்ததற்கு. அதில் உள்ள ஒழுங்கை என்னவென்று சொல்வேன்! அந்த மொழியின் வினைச்சொற்கள் மூன்று விதமான வால்களோடு பிறக்கின்றன. ஆர் என்று முடிகிறவை ஒரு கூட்டம். ஏர், ஈர் என்று முடிகிறவை மற்றக் காலங்களில் என்ன சண்டை போட்டாலும் இந்தக் காலத்தில் ஒற்றுமையாக ஒரே கூட்டமாகிவிடும். வாலை வெட்டிவிட்டு முதல் கூட்டத்துக்கு ஆபா வரிசையையும் அடுத்ததற்கு ஈயா வரிசையையும் ஒட்ட வேண்டியது, அவ்வளவுதான் வேலை. சொல் கேளாதவை மொத்த மொழியிலும் மூன்றே மூன்று. அவற்றை நான் மெடிக்கல் லீவில் அனுப்பிவிட்டேன். என்னிடம் பழைய வெற்று செக்ரோல் ஒன்று இருந்தது. தோட்டத்தில் ஆட்களின் பேர் பதிகிற நீளக் கொப்பி. அதில் நான், நீ, அவள், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொரு காலையும் ஆட்கள் வந்து நிற்கிற பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரியே ஒவ்வொரு வினைச்சொல்லையும் கூப்பிட்டேன். பேசுவதற்கு அப்லாபா, அப்லாபாஸ், அப்லாபா, அப்லாபாமோஸ், அப்லாபாயிஸ், அப்லாபான். சாப்பிடுவதற்கு கொமீயா, கொமீயாஸ், கொமீயா, கொமீயாமோஸ், கொமீயாயிஸ், கொமீயான். ஆறு பேரும் ஆஜர். நானுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான், முன்னால் பேர் போட்டால்தான் யார் என்று தெரியும். பென்சனுக்குப் பிறகு நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வரிசை கைக்கு வந்ததும் வாக்கியம் எழுத ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் இப்போது நடக்கிறதென்று எழுத ஒன்றும் இல்லை, இருப்பதெல்லாம் முன்பு நடந்தவைதான். ஆகவே அந்தக் காலம் ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. மகள் இங்கே வாழ்ந்துவந்தாள், விவீயா. அவள் அம்மா தைத்துக்கொண்டிருந்தாள், கொஸீயா. நான் வேலை செய்துகொண்டிருந்தேன், திரபஹாபா. மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டுவந்தோம், கொமீயாமோஸ். அவள் பாடிக்கொண்டிருந்தாள், கந்தாபா. நம் தமிழிலோ அப்போதெல்லாம் பாடுவாள் என்கிறோம், நாளைக்குப் பாடுவாள் என்றும் சொல்கிறோம், இரண்டுக்கும் ஒரே சொல்தான். இதை யோசித்ததும் எனக்கு என்னவோ செய்தது மச்சான். உடனே செக்ரோலைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய், தேங்காய் துருவிக்கொண்டிருந்த உங்கள் தங்கையிடம் எல்லாவற்றையும் வாசித்து, அர்த்தமும் சொன்னேன். அவள் துருவலையிலிருந்து எழும்பவில்லை. "அவ இருந்தப்போ நீங்க பேப்பருக்குப் பின்னாலதான் இருந்தீங்க. அவகிட்ட ஒரு வார்த்த பேசுனதில்ல. இப்ப அவளுக்காகச் சீமப் பாஷ படிக்கிறீங்க" என்றாள். நான் விறாந்தைக்கு வந்து செக்ரோலின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே இருந்த கந்தாபாவுக்குக் கீழே இன்னொன்று சேர்த்தேன். எல்யா கந்தாபா, யோ நோ எஸ்குச்சாபா. அவள் பாடிக்கொண்டிருந்தாள், நான் காது கொடுக்கவில்லை. புத்தகத்தைப் பார்க்காமல் நான் எழுதிய முதல் வாக்கியம் அது, ஒரு பிழையும் இல்லை.

இத்தோடு நிறுத்திக் கடிதத்தை எழுதியிருக்கலாம். ஆனால் காலையில் ஆஜரான சொற்கள் பின்னேரம் ஓடிப்போயின. வயசு அப்படி. அப்போதுதான், செபமாலை முடிந்து மாதா பிரார்த்தனை சொல்கிறபோது எனக்கு அந்தப் புத்தி வந்தது. மாதாவின் ஐம்பது பேர்களைப் புத்தகம் பார்க்காமல் சொல்கிறேனே, அவை ராகத்தில்தானே நிற்கின்றன, வினைச்சொல்லையும் அந்த ராகத்தில் போட்டால் என்ன? மறுநாள் பின்னேரம் ஆறு மணிக்கு விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து பிரார்த்தனை ராகத்தில் அப்லாபாவைத் தொடங்கினேன். ஒரு சொல் தப்பவில்லை. அந்த நேரம் பார்த்து ரோட்டில் போன ஸக்கரியா வாசலில் நின்றார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கோவில் பாட்டுக் குழுவில் முப்பது வருசம் லத்தீனில் பாடியவர். பூசை தமிழுக்கு மாறிய நாளிலிருந்து மனிதருக்கு முகத்தில் களையில்லை. "இப்ப சாமி சொல்றதெல்லாம் வெளங்குது கிளாக்கர் ஐயா, அதுல என்ன பக்தி இருக்கு" என்று என்னிடமே பல தடவை குறைப்பட்டிருக்கிறார். அவர் தொப்பியைக் கழற்றிக் கமுக்கட்டில் வைத்துக்கொண்டு, படியில் முழங்காலில் நின்று, நான் அப்லாபா என்றதும், லத்தீன் பிரார்த்தனை என்று எண்ணி, ஓரா ப்ரோ நோபிஸ் என்று பதில் சொன்னார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. உங்களிடம் மறைத்து என்ன பயன், அவர் பதில் சொல்கிற இடைவெளியில் எனக்கு அடுத்த சொல் தானாக வந்து நின்றது. முப்பது வினைச்சொல்லை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஸக்கரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கும் வரலாமா என்று கேட்டார். வாருங்கள் என்றேன். மறுநாள் நாலு பேர் வந்தார்கள், அந்தக் கிழமை முடிவதற்குள் பன்னிரண்டு பேர். அவர்களெல்லாரும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று தமிழில் பதில் சொல்ல, ஸக்கரியா மட்டும் லத்தீனில் பிடிவாதமாக நின்றார். மூன்றாம் வீட்டுச் சந்திரகாந்தா பிள்ளையார் கோவிலுக்கும் போவாள், மாதா கோவிலுக்கும் போவாள். எங்கள் விறாந்தைக்கும் வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள், அவளுடைய ஒரு மாதப் பல்வலி அன்றைக்கே நின்றுவிட்டது. அதைக் கேட்ட ஸைனம்பு உம்மா வேலிக்கு மேலால் ஒரு போத்தல் தண்ணீரை நீட்டினார். "கிளாக்கர் ஐயா, நீங்க உங்கட வேதத்தில ஓதுறீங்க தானே, அப்படியே இந்தத் தண்ணியிலயும் கொஞ்சம் ஊதித் தாங்களேன், கோழி முட்டை போடுதில்ல" என்றார். நல்ல அயலவர், மறுக்க முடியுமா? ஈயா வரிசையை முழுதாகச் சொல்லி ஊதிக் கொடுத்தேன். மறுநாள் கோழி முட்டையிட்டது. அதற்கடுத்த நாள் என் கதிரைக்குப் பக்கத்தில் ஒன்பது போத்தல் இருந்தது. டொறீன் வெட்கத்தில் குசினியை விட்டு வெளியே வரவில்லை. ஆனாலும் வந்த பன்னிரண்டு பேருக்கும் கூப்பன் சீனியில் பிளேன்டீ ஊற்றி அனுப்பினாள், நாலே நாளில் மாதச் சீனி தீர்ந்தது.

ஓகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை பங்குச் சுவாமியார் வந்தார். இளம் வயது, கண்டிப்பானவர், பூசையைத் தமிழுக்கு மாற்றி அதற்காகப் பாதிச் சனத்திடம் பேச்சு வாங்கியவர். பெரிய கிளாக்கர் வீட்டில் தனியாக லத்தீன் வழிபாடு நடக்கிறது என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தை எழுதி முடித்து அவரிடம்தான் கையெழுத்துக்குப் போக இருந்தேன் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வாசலில் நின்றபோது நாங்கள் விவீயா, விவீயாஸில் இருந்தோம். நிறுத்தலாம் என்றால் முழங்காலில் இருந்தவர்கள் விடவில்லை, சுவாமியாரே வந்துவிட்டார் என்று குரலை இன்னும் ஏற்றினார்கள். விவீயான் வரைக்கும் போய்த்தான் நிறுத்த முடிந்தது. அவர் போத்தல்களைப் பார்த்தார், மெழுகுதிரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்தப் புனிதரோட பிரார்த்தனை இது?" என்று கேட்டார்.

நான் தோட்டத்துத் துரைமாரிடம்கூடப் பொய் சொன்னதில்லை. "சாமி, இது வினைச்சொல்லு" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. சந்திரகாந்தாவுக்கு அந்த நிமிசமே பல்வலி திரும்பி வந்துவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பி, பாதி எரிந்த மெழுகுதிரியை ஊதி அணைத்து எடுத்துக்கொண்டு போனாள். ஸைனம்பு உம்மா வேலிக்கு அப்பால் நின்று, அப்படியானால் கோழி எதற்காக முட்டை போட்டது என்று கேட்டார். அன்றைக்கு நிறுத்திய கோழி இன்னும் முட்டையிடவில்லை. ஒவ்வொருவராக எழும்பிப் பாயைத் தட்டிக்கொண்டு போனார்கள், ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸக்கரியா மட்டும் கிட்ட வந்து, "வெளங்காத பாஷையில செபிக்கிறது எனக்குப் பழக்கந்தானே ஐயா, நீங்க நிப்பாட்டாதீங்க" என்று மெதுவாகச் சொன்னார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட வலித்தது. சுவாமியார் செக்ரோலைக் கையில் எடுத்தார். நின்ற நிலையிலேயே பக்கம் பக்கமாகத் திருப்பினார், கடைசிப் பக்கத்தில் வெகு நேரம் நின்றார். பிறகு அதைக் கமுக்கட்டில் வைத்துக்கொண்டு, டொறீன் கொண்டுவந்த தேநீரைக்கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

இரண்டு மாதமாகிறது. செக்ரோல் இந்நேரம் பிஷப்பின் மேசையில் எனக்கெதிரான சாட்சியாகக் கிடக்கும். அதில்தான் என் வாக்கியங்கள் எல்லாம் இருந்தன, வேறு பிரதி இல்லை. நான் இப்போது முதல் பூசைக்குப் போய்த் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, கடைசி ஆசீர்வாதத்துக்கு முன் நழுவிவிடுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிறு சுவாமியார் என்னைக் கண்டு கையைக் காட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கக் கதவால் ஓடி, நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எல்கடுவ பஸ். ஒரு வேலையும் இல்லாமல் எல்கடுவ வரைக்கும் போய், பழைய ஆட்கள் பார்க்கிறார்களே என்று ஏதோ அலுவல் இருக்கிற மாதிரி நடந்து, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். என் நிலைமை இப்போது அப்படி.

டிசம்பர் எட்டுக்கு இன்னும் நாற்பத்திரண்டு நாள். சுவாமியாரின் கையெழுத்து கிடைக்காது. அவரே மடத்துக்கு எழுதி, இந்தப் பிள்ளையின் தகப்பனுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பிள்ளையின் முகத்தை இனிப் பார்க்கப்போவதில்லை என்று நான் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். டொறீனிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் நேற்று மகளுடைய கட்டில் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை மச்சான். ஆகவே நீங்கள் அடுத்த ரயிலில் வந்து, உங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், அந்தக் கடைக்காரனிடமே கொடுத்துவிடுங்கள். இனி எனக்கு எந்தப் புத்தகமும், எந்த யோசனையும் அனுப்ப வேண்டாம். நத்தார்ப் பண்டிகைக்கு வருகிற சொந்தக்காரர்கள் யாரும் மகளைப் பற்றிக் கேட்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம் என்றும் இருக்கும். டொறீன் தன் அண்ணனுக்குச் சொல்லச் சொன்னதைக் காகிதத்தில் எழுத முடியாது, வரும்போது நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் பெரிய கிளாக்கரும், இன்னும் நாற்பத்திரண்டு நாளில் முன்னாள் தகப்பனும் ஆகப்போகிற,
சூ. ரபாயேல்.

பி.கு.: இதை ஒட்டிவிட்டு முத்திரை எடுக்க எழும்பியபோது தபால்காரர் வந்தார். உறையைக் கிழித்து மறுபடியும் எழுதுகிறேன். ஸ்பெயினிலிருந்து ஒரு பொதி. உள்ளே என் செக்ரோல். நம் சுவாமியார் குருமடத்தில் படித்த லத்தீனை வைத்து அதை வாசித்து விளங்கிக்கொண்டு, தானே ஒரு கடிதமும் எழுதிச் சேர்த்து, ஓகஸ்டிலேயே விமானத் தபாலில் மடத்துத் தாயாருக்கு அனுப்பியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் அன்றைக்குக் கையைக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார், நான் எல்கடுவ பஸ்ஸில் இருந்தேன். மகளும் எழுதியிருக்கிறாள். மடத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் அவள்தானாம். என் இரண்டு கடிதத்தையும் தாயார் அவளிடம்தான் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். தனக்காகத் தானே எப்படி வாய் திறந்து கேட்பது என்று கூச்சப்பட்டு, அப்பா செபம் கேட்கிறார் என்று மட்டும் சொன்னாளாம். அதனால்தான் படங்கள். செக்ரோல் வந்ததும் தாயார் தன் மொழியில் இருந்ததைத் தானே எடுத்துச் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் வாசித்தாராம். வார்த்தைப்பாட்டைப் பெப்ரவரிக்குத் தள்ளிவைத்துவிட்டார். பிள்ளை டிசம்பர் பத்தொன்பதாம் திகதி கட்டுநாயக்காவில் வந்து இறங்குகிறாள். கூட ஒரு வயதான கன்னியாஸ்திரியும் வருகிறார், அவருக்கு ஸ்பானியத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதாம். ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைக்க வேண்டாம், புத்தகத்தை எடுக்கவும் வர வேண்டாம். கிழிந்துபோன கடைசி முப்பது பக்கம் எங்கேயாவது கிடைத்தால் உடனே அனுப்புங்கள், வருங்காலம் அதில்தான் இருக்கிறது. ஸக்கரியாவுக்கு ஆள் அனுப்பிவிட்டேன், இன்றைக்கு ஆறு மணிக்கு வருகிறார்.

தாயார் செக்ரோல் முழுவதும் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறார், பதினொரு பிழை. கடைசிப் பக்கத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அங்கே, அவள் பாடிக்கொண்டிருந்தாள், நான் காது கொடுக்கவில்லை என்ற வரிக்குக் கீழே மகள் பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறாள்: "கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க அப்பா. நான் பாடி முடிக்கிற வரைக்கும் நீங்க பேப்பர்ப் பக்கத்தத் திருப்பவே மாட்டீங்க."

இதைக் குசினிக்குக் கொண்டுபோய் உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தாமல், "ஆமா, திருப்ப மாட்டீங்க" என்றாள்.